பத்து மணிக் காட்சி

இபாதான் நகரத்து மேடைகளிலும் சினிமாவிலும் யோருபா, ஆங்கிலம் என்று இரண்டு மொழியிலும் முப்பது வருடமாக நடிக்கிறவள் அபேனி. இந்தப் படத்தின் கல்லறைக் காட்சியை மட்டும் ஒரு மாதமாகத் தட்டிக்கழித்து வந்தாள்.

"பெத்த பிள்ளையைப் புதைக்கிற இடத்துக்குத் தாய் போறது நம்ம வழக்கமாப்பா? எவன் எழுதினான் இதை?" என்று டைரக்டர் டெமோலாவைக் காய்ச்சி எடுத்திருந்தாள்.

அப்படிப்பட்டவள் இன்று காலை தானாகவே போன் செய்தாள். "அந்தக் காட்சியைப் பத்து மணிக்கு எடுத்திடு."

டெமோலாவுக்கு வாயெல்லாம் பல்.

இரண்டு மொழியிலும் வரப்போகும் படம்; எந்தக் காட்சியானாலும் முதலில் ஆங்கிலம், அடுத்து யோருபா. ஆங்கிலத்தில் வசனம் பிசகாமல் அழுதாள். யோருபாவில் மண்ணில் விழுந்து புரண்டாள். லைட் பிடித்தவர்கள்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"பிரமாதம்மா. ஒரே ஒரு தப்புதான். கதையில பையன் பேரு செகுன். நீங்க கயோடேன்னு கூப்பிட்டுட்டீங்க. இன்னொரு தடவை எடுத்துடலாமா?"

அபேனி அந்தப் பொய்க் கல்லறையின் மண்ணைக் கையால் தட்டிச் சமப்படுத்திக்கொண்டிருந்தாள்.

கூட வந்திருந்த அவள் தங்கை டெமோலாவை ஓரமாக அழைத்துப் போனாள்.

"விட்டுடுங்க தம்பி. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னுட்டா. கயோடே அவ மகன். முந்தாநாள் பைக்குல போனவன் லாரியில அடிபட்டுட்டான். ஊர்ல பத்து மணிக்குத்தான் அடக்கம். பெத்தவ அங்க போகக் கூடாதில்ல."