ஸஜாத் மாற்றிவைத்த இலை

பொலிஸ் சார்ஜன்ட் ஸஜாத்துக்கு மனைவி சஹ்லாவின் கைத்தொழில் அறவே பிடிக்காது. அவள் வேலியோரம் போய் இலை பொறுக்குவாள். காயவைத்து, வார்னிஷ் பூசி, பென்சில் கரித்தூள் தடவி, மயில்துத்தம் கரைத்த ஐஸ்கிறீம் டப்பாவில் தொங்கவிட்டு, பழைய போன் சார்ஜரால் கரண்ட் கொடுப்பாள். மறுநாள் இலை செம்புச் சட்டை போட்டுக்கொண்டு வெளியே வரும். அதன்மேல் மெல்லிய தங்கப் பூச்சு. அறுகம்பேக்கு அலைச்சறுக்க வரும் வெள்ளைக்காரிகள் ஆசையாக வாங்கிப் போனார்கள். ஆட்டுக்குப் போடவேண்டியதைக் காதில் போடுகிறார்கள் என்பான் ஸஜாத்.

ஆயிஷா உம்மாவின் பதக்கம் பொலிஸ் நிலையத்துக்கு வந்த அன்றுதான் மனைவியின் அருமை அவனுக்கு விளங்கியது.

சாய்ந்தமருதில் மூன்று மாடி வீட்டுக்காரர் ஆயிஷா உம்மா. அவர் கழுத்தில் கிடந்ததைப் பறித்தவன் அடுத்த சந்தியிலேயே அகப்பட்டுக்கொண்டான். நரம்பெல்லாம் தெரிகிற பூவரசிலைப் பதக்கம். துபாயில் செய்தது, நான்கு பவுண் என்று முறைப்பாட்டில் சொல்லியிருந்தார். அது வழக்குப் பொருள் அலுமாரிக்குள் போனது. அலுமாரிச் சாவி ஸஜாத்திடம் இருந்தது.

பதினாறு வருட சேவையில் அவன் ஒன்றைக் கவனித்திருந்தான். மீட்ட நகையை நீதிமன்றத்தில் யாரும் உரைத்துப் பார்ப்பதில்லை. சொந்தக்காரரும் கிடைத்ததே போதுமென்று வாங்கிக்கொண்டு போய்விடுவார். பிறகு கண்டுபிடித்தாலும் பழி திருடனில்தான் விழும்.

பதக்கத்தை முன்னும் பின்னும் படமெடுத்து, அளவும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான். உள்ளதைச் சொன்னால் சஹ்லா வீட்டை இரண்டாக்கிவிடுவாள். அதனால் படத்தைக் காட்டி, இதேபோல் ஒன்று செய்து தரவேண்டும், நிலையப் பொறுப்பதிகாரியின் மனைவிக்கு அன்பளிப்பு என்றான். அந்த அம்மா மனம் குளிர்ந்தால் மொனராகலைக்கு வரவிருக்கும் இடமாற்றம் நின்றுவிடும் என்றும் சேர்த்து அளந்தான்.

"செம்பெண்டு ஒரு ஆளுக்கும் விளங்கப்படா புள்ள. விளங்கினா என்ட உத்தியோகமே போயிரும்."

சஹ்லாவின் முகம் வாடிவிட்டது. கொஞ்ச நேரம் யோசித்து, ஓம் என்றாள். பத்து நாள் தவணை கேட்டாள்.

பத்தாம் நாள் பஞ்சில் சுற்றிக் கொடுத்தாள். ஸஜாத் அசந்துபோனான். பளபளப்பும் நரம்பும் அச்சொட்டாக இருந்தன. கையில் நல்ல கனம்கூட இருந்தது. செம்பைத் தாராளமாகவே ஏற்றியிருக்கிறாள் என்று, கலியாணம் முடித்து முதல் தடவையாக மனைவியை வாய்விட்டு மெச்சினான்.

வெள்ளிக்கிழமை எல்லோரும் ஜும்ஆவுக்குப் போனபோது தனக்குக் காய்ச்சல் என்று நிலையத்தில் இருந்துகொண்டான். சஹ்லாவின் இலை அலுமாரிக்குப் போனது. ஆயிஷா உம்மாவின் இலை அவனுடைய காற்சட்டைப் பைக்கு வந்தது.

திங்கட்கிழமை நீதிமன்றத்தில் எல்லாம் அவன் நினைத்தபடியே நடந்தது. பதக்கத்தைப் படமெடுத்துவிட்டு உரியவரிடம் கொடுக்கச் சொன்னார்கள். ஆயிஷா உம்மா கையெழுத்துப் போட்டு வாங்கி அங்கேயே கழுத்தில் மாட்டிக்கொண்டார். ஸஜாத்துக்கு துஆவும் செய்தார்.

அன்று பின்னேரமே அவன் கல்முனைக் கடைத்தெருவில், கேள்வி கேட்காத நகைக்காரர் அப்துல் ஸமட்டின் முன்னால் குந்தியிருந்தான். அவர் உரைத்துப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார். காம்பைக் குறட்டால் வெட்டி மேசையில் தட்டினார். காய்ந்த இலைத்தூள் கொட்டியது.

"செம்புதான் சேர். உள்ளுக்க பூவரசிலை."

துபாய்ப் பவுண் நான்கும் ஆயிஷா உம்மாவின் வாயில் மட்டும்தான் இருந்திருக்கின்றன. ஸஜாத்துக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் தன்னைத் தேற்றிக்கொண்டான். போலியை எடுத்துப் போலியை வைத்தவனுக்கு நட்டமில்லை. பாவமும் பாதிதான் இருக்கும்.

சஹ்லா வாசலிலேயே நின்றாள். பொறுப்பதிகாரியின் மனைவிக்குப் பிடித்ததா என்று கேட்டாள். நன்றாகப் பிடித்தது என்று ஸஜாத் வாய் கூசாமல் சொன்னான். அவள் நெஞ்சில் கைவைத்து, அல்ஹம்துலில்லாஹ் என்று பெருமூச்சு விட்டாள்.

"செம்பக் குடுத்து உங்கட உத்தியோகம் போயிருமெண்டு பயந்துதான், உம்மா தந்த ரெண்டு காப்பையும் உருக்கி அதப் பவுணிலயே செய்விச்சன்."