தாழ்வாக மாட்டிய குழாய்

காட்டாற்று வெள்ளத்தில் சிக்கிய காரை ஓமானின் நிஸ்வா நகரிலுள்ள பட்டறைக்கு இழுத்து வந்துவிட்டார்கள். ஓட்டிப் போன ஹிலால்தான் இன்னும் கிடைக்கவில்லை.

"இந்தக் குழாய் எஞ்சினுக்கு நல்ல குளுந்த காத்தா குடுக்கும், வண்டி பறக்கும். ஆனா இவ்ளோ தாழ்வா மாட்டுனா தண்ணியையும் சேத்துக் குடிச்சிடும். சொன்னா கேட்டானா உன் தம்பி?" என்றார் மெக்கானிக் கல்ஃபான், ஹிலாலின் அண்ணன் அஸ்ஸானிடம்.

கழற்றிப்போட்ட குழாய் வெயிலில் காய்ந்து கிடந்தது. அஸ்ஸான் அதன் வாயில் கை வைத்தான். குழாய் உள்ளங்கையைக் கவ்வி இழுத்தது.

"மாமா, இது மூச்சு இழுக்குது."

"எஞ்சினே அங்க கெடக்கேடா!"

இழுப்பு தளர்ந்துகொண்டே வந்தது. அஸ்ஸான் மண்டியிட்டு, குழாயில் வாய் வைத்து, தன் மூச்சையெல்லாம் ஊதினான்.

"விட்றாதடா ஹிலால்!" மறுபடியும் ஊதினான்.

குழாய்க்குள் யாரோ இருமினார்கள். மறுமுனையிலிருந்து சேற்றுத் தண்ணீர் கல்ஃபானின் காலில் கொட்டியது.