மிதந்த அரசிலை

“தங்கம்னா தண்ணியில முங்கணுமுங்க மாமா. நீங்க கொடுத்த அரசிலை மிதக்குது.”

கோத்தகிரி வீட்டில், கிண்ணத்துத் தண்ணீரைப் பார்த்தபடியே கமலேஷ் மாமனாரிடம் போனில் சொன்னான். பேத்தியின் இடுப்புக்கொடியில் கோக்கவென்று, அரச இலை வடிவத் தங்கக் காசு ஒன்றை நேற்றுத்தான் அவர் தேவர்சோலையிலிருந்து கொண்டுவந்து கொடுத்திருந்தார்.

தேவர்சோலை எஸ்டேட்டில் மாமனார் வீரையா போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

“கடைக்காரன் ஏமாத்திட்டான் போல மாப்ள. மன்னிச்சுக்கங்க.”

போனை வைத்ததும் மனைவி வாசுகி குழந்தையோடு உள்ளே வந்தாள்.

“அப்பா கொடுத்தது பாப்பா இடுப்புல இருக்குதுங்க. நீங்க பீரோவுல இருந்து எடுத்த இது, பேத்திக்குன்னு உங்கம்மா வாங்கி வெச்சுட்டுப் போனது.”

“எங்கம்மா போலி வாங்கியிருக்க மாட்டாங்களே” என்றான் அவன், யோசிக்காமலே.

வாசுகி அவனை ஒரு பார்வை பார்த்தாள். தையல் ஊசி ஒன்றைத் தலைமுடியில் தேய்த்து, மெல்லத் தண்ணீரில் படுக்கவைத்தாள். அதுவும் மிதந்தது.

“இதும் இரும்பில்லீங்களா? சின்னச் சாமானைப் பதனமா வெச்சா, தண்ணியோட மேல்பக்கம் தோலாட்டத் தாங்கிக்குமுங்க. அமுக்கிப் பாருங்க.”

கமலேஷ் அரசிலையை விரலால் அமுக்கினான். அது அடியில் போய் உட்கார்ந்தது.

அவசரமாக மறுபடி போன் போட்டான். அவன் வாய் திறக்கும் முன்பே வீரையா பேசினார்.

“மாப்ள, வேற வாங்கிக்கிட்டு நானே வாறேன். அதுவரைக்கும் வாசுகிய ஒண்ணும் சொல்லிடாதீங்க.”