எடைக்குப் போன நூலகம்

"கடையில இப்ப ஒரு புக்குகூட இல்லீங்க மேடம்" என்றார் பச்சியப்பன், தராசைத் துடைத்தபடி.

பழைய பேப்பர் கடையின் படியிலேயே அன்பரசி உட்கார்ந்துவிட்டாள்.

இண்டூர் வாசகர் மன்றத்தின் நூலகர் அவள். ஆயிரத்து இருநூறு புத்தகங்களும் வருடக்கணக்கில் அலமாரியில் தூங்கின. வருகிற நாலு பேரும் பேப்பர் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். போனில் இருந்தால் படிப்பார்கள் என்று அவள்தான் யோசனை சொன்னாள். ஒரு பக்கம் விடாமல் ஸ்கேன் செய்தாள். பிறகு எல்லாவற்றையும் இதே பச்சியப்பனிடம் எடைக்குப் போட்டார்கள்.

நேற்று மாலை இடி விழுந்து கணினி கருகியது. பாதுகாப்புக்கு எடுத்த நகலும் அதிலேயே மாட்டியிருந்த டிஸ்க்கில்தான் இருந்தது. இயற்பியல் படித்த பெண் செய்கிற காரியமா என்று கேட்டார் மன்றத் தலைவர். ஞாயிற்றுக்கிழமை டிஜிட்டல் நூலகத் திறப்பு விழா. காட்ட ஒரு பக்கம்கூட இல்லை.

எரிந்த கணினியையும் எடைக்குப் போடுவீர்களா என்று பச்சியப்பன் அக்கறையாக விசாரித்தார். அவள் முறைத்தாள்.

"பேப்பர் மில்லு லாரி எப்பங்க போச்சு?"

அவர் சணல் கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தார்.

"சரி, வத்தல்மலை மூலிகைப் புத்தகம் ஒண்ணாவது தேடிப் பாருங்க. அது வேற எங்கியும் கெடைக்காது."

"அதுதாங்க ரொம்பக் கஷ்டம்."

அன்பரசிக்குக் கண் கலங்கியது. பச்சியப்பன் பதறிப்போனார். மன்றத்தில் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்று முதலில் உறுதி வாங்கிக்கொண்டார்.

"மில்லுக்கு நான் அனுப்பவே இல்லீங்க. பழைய பேப்பர் போட வர்றவங்க, எடை போடற நேரத்துல சும்மா புரட்டிப் பாத்தாங்க. படிச்சிட்டுத் தர்றேன்னு வூட்டுக்கு எடுத்துட்டுப் போனாங்க. ஒருத்தர் கொண்டாந்து வெச்ச அஞ்சாவது நிமிசம் இன்னொருத்தர் தூக்கிட்டுப் போயிடறாங்க."

அன்பரசி மெல்ல எழுந்து நின்றாள்.

"அந்த மூலிகை புக்கு உங்க கைக்கு வரப் பொங்கல் ஆயிடுங்க மேடம்" என்றார் பச்சியப்பன், தயக்கத்தோடு. "உங்களுக்கு முன்னால பதினோரு பேரு சொல்லி வெச்சிருக்காங்க."