விருந்தாளி மரியாதை

"ராத்திரி பொட்டுத் தூக்கமில்லை. முதுகெல்லாம் கன்னிப்போச்சுடி," என்றாள் செலீனா.

தோழி ஹெஸ்டர் அவள் கூந்தலை முடிந்துகொண்டே அதட்டினாள். "வெளியில சொல்லித் தொலைக்காதே. குறை சொல்றவளைச் சீமாட்டி மருமகளா ஏத்துக்குவாங்களா?"

காலை உணவு மேசையில் எட்மண்ட் பிரபு செலீனாவையே ஆவலாகப் பார்த்திருக்க, அவருடைய தாய் கேட்டாள்:

"நல்லாத் தூங்கினியாம்மா?"

"சுகமாத் தூங்கினேன், சீமாட்டி."

பிரபுவின் முகம் வாடிவிட்டது.

"நீ, ஹெஸ்டர்?"

"மன்னிக்கணும் சீமாட்டி. மெத்தைக்கடியில ஏதோ உறுத்திச்சு. கண்ணே மூடலை."

சீமாட்டி எழுந்து ஹெஸ்டரை அணைத்துக்கொண்டாள். "ரெண்டு பேர் மெத்தைக்கடியிலயும் ஒரு பட்டாணி வெச்சிருந்தேன். உயர்ந்த குலத்து உடம்புக்குத்தான் அது உறுத்தும். நீதான்மா என் மருமக."

பக்கத்துக் கட்டிலில் விடியும்வரை குறட்டை விட்டவள், செலீனா பக்கம் திரும்பாமல், நாணத்தோடு ரொட்டிக்கு வெண்ணெய் தடவினாள்.