வெள்ளைக் கோடு

காரின் பின்னால் வைக்கும் ஸ்பீக்கர் பெட்டிக்கு நாலு போல்ட் வேண்டும் என்று பட்டறைக்கார எலீசியோ சொன்னபோது வாஸ்கார் சிரித்தான்.

"நாலையும் கழட்டி எறக்குறதுக்குள்ள ஞாயித்துக்கிழமைப் போட்டியே முடிஞ்சிடும், மாஸ்டர். ரெண்டு போதும்."

யார் கார் ஸ்பீக்கரில் பாட்டு அதிகம் அலறுகிறது என்று சாந்தியாகோவில் நடக்கும் போட்டிக்குக் கார் கொண்டுபோகிற எல்லோரும் அப்படித்தான் கேட்பார்கள். எலீசியோ இரண்டே போட்டான். மார்ச்சில் அந்தக் கார் ஒரு லாரியில் மோதியது. பின்னாலிருந்து பெட்டி பறந்து வந்து வாஸ்காரின் கழுத்தை முறித்தது; அங்கேயே உயிர் போனது.

முன்பக்கம் சரிசெய்த காரை அவன் மனைவி மிலாதி பட்டறைக்கு ஓட்டிவந்தாள்.

"அப்பாவோட பெட்டிய எடுக்கக் கூடாதுன்னு மக அழுவுறா. இந்தத் தடவையாவது இறுக்கிப் போடுங்க."

எலீசியோ நாலு போல்ட்டும் போட்டான். ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்தும் தகடு வரை வெள்ளைப் பெயிண்டால் கோடு இழுத்தான். போல்ட் திரும்பினால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். பிறகு பட்டறையைப் பூட்டிக்கொண்டு போனான்.

மறுநாள் காலை நான்கு கோடுகளும் விலகியிருந்தன. பதறிப்போய்த் தொட்டுப் பார்த்தான். எதுவும் தளரவில்லை. ஒவ்வொன்றும் இன்னும் அரைச் சுற்று இறுகியிருந்தது.

"ஆடாதுல்ல, மாஸ்டர்?" என்றாள் காரை எடுக்க வந்த மிலாதி.

"ஆடாதும்மா."

அவள் ஏறி உட்கார்ந்தாள். கால் பிரேக்குக்கு எட்டவில்லை. நேற்று அவள் ஓட்டிவந்த இருக்கை, வாஸ்காரின் கால் நீளத்துக்குப் பின்னால் போயிருந்தது.