திரைக்குத் தெரியாத கேள்வி

பல்கலைக்கழக அறிவிப்புத் திரையில் நாளைய சொற்பொழிவோடு, அதில் எழப்போகும் கேள்விகளும் பதில்களும் வந்துவிடும். அதனால் அரங்குக்கு யாரும் போவதில்லை. இன்றும் ஆள் வராவிட்டால் மங்கையர்க்கரசியின் வௌவால் வகுப்பை மூடிவிடுவார்கள்.

அரங்கு நிறைந்திருந்தது.

“என்னப்பா, பிரியாணி போடுறாங்கன்னு யாராவது சொன்னாங்களா?”

“இல்ல மேடம். குயிலி ஒரு கேள்வி கேப்பான்னு திரையில வந்திருக்கு. என்ன கேள்வின்னு திரைக்கே தெரியலையாம்!”

“ஐயோ, நான் வாயே திறக்க மாட்டேனே!” என்று பின்வரிசையில் குயிலி பதறினாள்.

“சும்மா கேளும்மா.”

“குட்டி முதல்தடவை பறக்கும்போது தாய் வௌவாலுக்குப் பயமா இருக்குமா மேடம்?”

மங்கையர்க்கரசி கண்ணாடியைக் கழற்றினார்.

“தெரியலையேம்மா. நூலகத்துக்குப் பின்னாடி மரத்துல நிறைய தொங்குது. இருட்டினா கிளம்பிரும். போய்ப் பாப்போமா?”

முதலில் எழுந்தவள் குயிலி. அவள் பின்னால் அரங்கு மொத்தமும் எழுந்தது.